முட்டுப் பாலம்

ஜூன் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "எனக்கென்ன கேடு" என்பாய். அதனால் கேட்கவில்லை. நீயாகவே எழுது.

சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம். கறிக்கடையில் வளர்ந்தவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. அலுவலகத்தில் என் மேஜைக்கு ஒரு கால் குட்டை. அதன் கீழே பழைய டெண்டர் காகிதத்தை மடித்துச் செருகியிருக்கிறார்கள். இந்த ஆபீஸில் உருப்படியாக வேலை பார்க்கிற காகிதம் அது ஒன்றுதான் என்கிறார் ஜீப் டிரைவர் அண்ணன். வாயைத் திறந்தால் இப்படித்தான். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

இன்று என்னை ஆற்றுப் பாலத்துக்குக் கூட்டிப்போனார். நான் பொறுப்பேற்றிருக்கிற பாலம் அதுதான். ஊரில் அதை முட்டுப் பாலம் என்கிறார்கள். இரண்டு லாரிகள் பக்கம்பக்கமாகப் போகலாம், அவ்வளவு அகலம். வரிசையாக விளக்குக் கம்பங்கள். "ஏறிப் பாருங்க மேடம், இவ்வளவு சுத்தமான பாலம் எங்கயும் கிடையாது. அழுக்காகணும்னா வண்டி போகணுமே" என்றார். அந்தக் கரையில் பாலம் நேராகப் போய் ஒரு பாறையில் முட்டி நிற்கிறது. மூன்று மாடி உயரப் பாறை. அதைக் குடைந்து சாலை போடுவதாகத் திட்டம். யார் குடைவது என்று முடிவாவதற்குள் பாலத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள்.

பாறையில் நெஞ்சு உயரத்தில் நீலமும் வெள்ளையுமாகத் தீற்றல்கள் இருந்தன. பிள்ளைகள் கிறுக்கியது என்று நினைத்தேன். "நீலம் ஒரு வேன் மேடம். வெள்ளை ஒரு டாக்டரோட கார்" என்றார் அண்ணன். பெருஞ்சாலையில் பாலத்தைக் காட்டி ஓர் அம்புக்குறிப் பலகை இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதை நம்பித் திரும்பிவிடுகிறார்கள்.

இரு கரையிலும் சாலை போட்டு வேலை முடிந்தது என்று நான் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் பக்கத்திலேயே இரண்டாவது பாலத்துக்கு அனுமதி வரும். காரணம் கேட்டால் சிரிப்பாய். இந்தப் பாலத்தில் நெரிசல் தாங்கவில்லையாம்.

உன் பாப்பா

ஜூன் 12

என் இஞ்சினியர் மகளுக்கு,

தாளின் ஓரத்தில் இருப்பது ஆட்டு ரத்தம், பயப்படாதே. கையைக் கழுவிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். பேனாவைக் கழுவ மறந்துவிட்டேன்.

எனக்கென்ன கேடு. மீன்கடைக்காரியோடு சாக்கடை விஷயமாகச் சண்டை. அவள் ஐஸ் தண்ணீரை என் மேல் கொட்டினாள். நான் முக்காலியை அவள் மேல் எறிந்தேன். அவள் நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. இப்போது இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. ஆனாலும் நான் சாப்பிடப் போனால் அவள்தான் என் கடையைப் பார்த்துக்கொள்கிறாள்.

பாலம் பற்றி எழுதியிருந்தாய். அதை நீயா கட்டினாய்? பெரிய தலைகள் எல்லாம் தலையாட்டிய காரியத்துக்கு நீ ஒருத்தி மாட்டேன் என்றால் பாறை நகர்ந்துவிடுமா? போட்டுக் கொடுத்துவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பி வா. உன் அப்பா சந்தையில் இரண்டு கூட்டம் வெட்டிக்கொண்டபோது நடுவில் போய் நின்றார். அவர்கள் இன்றைக்கும் சம்பந்தி வீடாகக் கொண்டாடுகிறார்கள். விலக்கப் போனவரைத்தான் நான் கோணியில் சுற்றி எடுத்து வந்தேன். நியாயம் பேசுகிறவர்கள் எல்லாம் ஏன் என் வீட்டிலேயே பிறக்கிறீர்களோ தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன்னைப் பெற்றவள்

ஜூலை 2

அன்புள்ள அம்மாவுக்கு,

கையெழுத்துப் போடவில்லை. திட்டுவதென்றால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

திங்கட்கிழமை விடியும் நேரம் நல்ல மழை. கட்டடக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று பலகையைப் பார்த்துத் திரும்பி, பாலத்தில் வேகமாக வந்து பாறையில் மோதிவிட்டது. அண்ணன் வந்து எழுப்பினார். போய்ப் பார்த்தேன். வண்டி நின்றுவிட்டது, கம்பிகள் நிற்கவில்லை. பின்னாலிருந்து கேபினைத் துளைத்துக்கொண்டு முன்பக்கம் வந்திருந்தன. கிளீனர் அங்கேயே போய்விட்டான். டிரைவருக்கு உயிர் இருந்தது. ஒரு கம்பி அவரை இருக்கையோடு தைத்திருந்தது. வெல்டர் வந்து வெட்டும் வரை நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "ரோடு எங்கம்மா போச்சு" என்று என்னைக் கேட்டார். நான்தான் ரோட்டுக்கு அதிகாரி. வெட்டும்போதே அவர் கை துவண்டுவிட்டது.

அன்றைக்கே நானும் அண்ணனும் அம்புக்குறிப் பலகையைக் கழற்றினோம். பாலத்தின் வாயில் டிரம்களில் மணல் நிரப்பி வரிசையாக நிறுத்தினோம்.

மறுநாள் பாலம் கட்டிய காண்ட்ராக்டரின் அக்கா மகன் அலுவலகத்துக்கு வந்தார். காண்ட்ராக்டரைப் பெரியவர் என்றும் இவரைச் சின்னவர் என்றும் சொல்கிறார்கள். சலவைச் சட்டை, மெதுவான பேச்சு. "மேடம், அடைச்சு வச்ச பாலத்துல நெரிசல்னா யார் நம்புவாங்க? டிரம்மை எடுத்துடுங்க" என்றார். முடியாது என்றேன். வயதான கிளார்க் ஐயா அவருக்கு நாற்காலி போட எழுந்திருக்கச் சற்றுத் தாமதமாகிவிட்டது. சின்னவர் பேப்பர் வெயிட்டை எடுத்துக் கிளார்க் ஐயா வாயில் அடித்தார். பல் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் அதே குரலில், "யோசிச்சு வைங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யோசிக்க ஒன்றுமில்லை அம்மா.

உன் பாப்பா

ஜூலை 9

பாப்பாவுக்கு,

படித்தேன். கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டேன்.

உன்னைத் திட்டத் தெம்பில்லை. அந்த டிரைவர் கையை நீ பிடித்துக்கொண்டிருந்தாய் என்றாயே, அதற்கு மேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தச் சின்னவர் மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும். கத்துகிறவனை நம்பலாம். அடித்துவிட்டு மரியாதையாகப் பேசுகிறவன் வேறு ரகம். அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? தனியாக எங்கேயும் போகாதே. அந்த ஜீப் அண்ணனிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்.

மீன்கடைக்காரி உன்னை விசாரித்தாள். பேசுவதில்லை என்பதையும் மறந்து நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

உன்னைப் பெற்றவள்

ஜூலை 29

அம்மா,

நீ சொன்னதை அண்ணனிடம் சொன்னேன். "உங்க அம்மாவுக்குப் பயம் வேண்டாம்னு எழுதுங்க மேடம், நான் இருக்கேன்ல" என்றார்.

இப்போது அவர் இல்லை.

காலையில் போய்ப் பார்த்தால் டிரம்கள் ஆற்றில் கிடக்கும். அண்ணன் வேறு டிரம்கள் கொண்டுபோய் நிறுத்துவார். மறுபடியும் ஆற்றில் கிடக்கும், மறுபடியும் நிறுத்துவார். பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை பகலில் அவர் குனிந்து மணல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு டிப்பர் லாரி பின்னோக்கி வந்தது. பாலத்தில் சைக்கிள் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள் கத்தியிருக்கிறார்கள். லாரி நின்று, முன்னால் போய், மறுபடி பின்னால் வந்தது. பிள்ளைகள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

இடுப்புக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு நாள் இருந்தார். நினைவு வந்தபோது ஜீப்பின் கிளச்சைப் பார்க்கச் சொன்னார். அவர் மனைவி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டது.

நான் தலைநகரத்துக்கு எழுதினேன். விசாரணைக்கு ஒரு நீதிபதி வருகிறார். செப்டம்பரில் வருவாராம். நான்தான் முதல் சாட்சி. பார்த்ததைச் சொல்லப் போகிறேன். என்னிடம் இருப்பது என் வாய்ச்சொல் ஒன்றுதான், அது போதும் என்று அண்ணன் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ வராதே. உன் கோபம் எனக்குத் தெரியும். இங்கே வந்து ஒரு வார்த்தை தப்பாகப் பேசினாலும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். உன்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் பாப்பா

ஆகஸ்ட் 6

பாப்பாவுக்கு,

வராதே என்றால் வரவில்லை. என்னால் முடிந்தவரை.

அந்தப் பெண்ணுக்குத் துணையாக இரு. புருஷன் போன முதல் மாதம் எல்லாரும் வருவார்கள். இரண்டாம் மாதம்தான் வீடு வெறிச்சென்று இருக்கும். அப்போது போய் உட்கார்.

எனக்கு ராத்திரி தூக்கமில்லை. கறி வெட்டும்போது கை தவறி என் விரலையே கீறிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் நடக்காதது. சாட்சி சொல்கிற நாள் வரைக்கும் வாரம் ஒரு கடிதம் போடு. வராவிட்டால் நான் யார் பேச்சையும் கேட்கப் போவதில்லை.

உன்னைப் பெற்றவள்

ஆகஸ்ட் 17

அம்மாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். வலது கை பீரோக் கதவில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். கவனிப்பு நன்றாக இருக்கிறது. கவலைப்படாதே. இதற்காகக் கிளம்பி வராதே.

பாப்பா

ஆகஸ்ட் 22

என் தங்கத்துக்கு,

இது உன் கைக்கு வரும்போது விஷயம் உன் காதுக்கு வந்திருக்கும். என் வாயால் சொன்னதாகவும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். போலீஸ் ஸ்டேஷனில் தாள் கொடுத்தார்கள்.

நேற்றுக் காலை ரயிலில் வந்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். மருந்து கொடுத்திருப்பதாக நர்ஸ் சொன்னாள். "பீரோக் கதவாமே" என்று கேட்டேன். அவள் என்னை வெளியே கூட்டிப்போய், "நீங்க பெத்தவங்க, மறைக்கிறது நல்லா இல்லை" என்று சொன்னாள். மத்தியானம், சாப்பாட்டு வேளை, ஆபீஸில் நீ தனியாக இருந்தபோது அந்தச் சின்னவன் வந்திருக்கிறான். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். கீல் பக்கத்து இடுக்கில் உன் விரல்களை வைத்து அவன் கதவை உதைத்திருக்கிறான். ஒரு விரலுக்கு ஒரு தடவை. "கையெழுத்துப் போடாத கை எதுக்கு மேடம்" என்று கேட்டுக் கேட்டு உதைத்தானாம்.

நான் உன்னை எழுப்பவில்லை. உன் போர்வையை இழுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பாலத்தடியில் அவர்கள் கொட்டகையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் நாற்காலி போட்டு அவனுக்கு ஒருவர் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகம் சோப்பு நுரை. "சின்னவர் நீங்கதானா" என்று கேட்டேன். "ஆமா, என்ன வேணும்" என்றான். "வலது கையைக் காட்டுங்க தம்பி" என்றேன். நான் கைரேகை பார்க்கிறவள் என்று நினைத்துவிட்டான். சிரித்துக்கொண்டே நாற்காலிக் கையில் உள்ளங்கையை மலர்த்தி வைத்தான். "ஆயுசு எப்படின்னு பாரு" என்றான்.

ஒரே வெட்டு. மணிக்கட்டோடு போனது. நாற்காலிக் கட்டையிலும் பாதி இறங்கிவிட்டது.

சவரக்காரர் ஓடிவிட்டார். அவன் எழுந்து ரெண்டு அடி நடந்து விழுந்தான். ரத்தம் மணலில் குழி பறித்தது. சவரக்காரர் விட்டுப்போன துண்டை எடுத்து அவன் கைக்கு நான்தான் இறுக்கிக் கட்டினேன். சாக வேண்டும் என்று நான் வரவில்லை. கட்டிவிட்டுச் சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டேன். போலீஸ் வர நேரமாயிற்று.

கை இப்போது வலிக்கிறதா? என்னை நினைத்து அழாதே.

உன்னைப் பெற்றவள்

செப்டம்பர் 15

அம்மா,

இதை உனக்காக நான் வைத்திருக்கிற வக்கீலம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அவன் என் விரலை உடைத்தபோதுகூட இவ்வளவு ஆத்திரம் வரவில்லை.

நீ வெட்டியது யாருக்கு லாபம் என்று தெரியுமா? காண்ட்ராக்டரின் வக்கீல் நீதிபதிக்கு மனுப் போட்டுவிட்டார். இது பாலத்து விவகாரமே அல்லவாம். கசாப்புக் கடைக் குடும்பத்துக்கும் சின்னவருக்கும் சொந்தப் பகையாம். சாட்சி சொல்கிறவளின் அம்மாவே கத்தியோடு திரிகிறாள் என்றால் அவள் சாட்சிக்கு என்ன மதிப்பு என்று கேட்டிருக்கிறார். விசாரணையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஊரில் இப்போது சின்னவரைப் பார்த்துத்தான் உச்சுக்கொட்டுகிறார்கள். நசுங்கிச் செத்த மனிதரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அண்ணன் மனைவி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. என்னிடம் இருந்தது ஒரு சொல். அதையும் சேர்த்து வெட்டிவிட்டாய்.

நேற்று பெரியவரே என் அறைக்கு வந்தார். என் கட்டிலில் உட்கார்ந்து பேசினார். "சவரக்காரன் ஊரைவிட்டே போயாச்சும்மா. வெட்டினது யாருன்னு தெரியலைன்னு எங்க பையன் கோர்ட்டுல சொல்லுவான். உங்கம்மா வீட்டுக்கு வந்துடலாம். நீ செய்ய வேண்டியது உனக்கே தெரியும்" என்றார். சான்றிதழை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை வரைக்கும் நேரம்.

என்ன செய்வதென்று தெரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். போட்டுவிடுவேன். இந்த வயதில் உன்னை உள்ளே விட்டுவிட்டு என்னால் சாப்பிட முடியாது. போட்ட பிறகு உன் முகத்தில் விழிக்கவும் என்னால் முடியாது. நீ வீட்டுக்குப் போ. கடையைத் திற. எனக்கு எழுதாதே.

செப்டம்பர் 18

பாப்பாவுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

நேற்று என்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். காவலை நீட்டிப்பதற்காக. வக்கீலம்மா, "நீங்க வாயே திறக்காதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லியிருந்தாள். நல்ல பெண். அவளை மீறிவிட்டேன். கூண்டைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "ஐயா, வெட்டினது நான்தான். யாரும் ஏவலை. ஊரிலிருந்து கத்தியைக் கோணியில சுத்தி எடுத்துட்டு வந்தேன். ஆளைத் தெரிஞ்சு, கேட்டு, வெட்டினேன். அவன் தெரியலைன்னு சொன்னா அது பொய். என் பொண்ணுக்கு இதுல சம்பந்தம் இல்லை. அவ என்னை வரவே வேண்டாம்னு எழுதின கடிதாசு என் டிரங்குப் பெட்டியில இருக்கு. வேணும்னா எடுத்துப் பாத்துக்குங்க."

அந்தக் கோர்ட் நீதிபதி என்னை உட்கார்ந்து தண்ணீர் குடிக்கச் சொன்னார். புரிந்துதான் சொல்கிறாயா என்று கேட்டார். புரிந்துதான் என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். ரேகை வைக்க வேண்டாம், கையெழுத்தே போடுவேன் என்று போட்டுக் கொடுத்தேன்.

இனிமேல் அந்தப் பெரியவரிடம் உனக்கு விற்க ஒன்றுமில்லை.

நீ சொன்னது அத்தனையும் நிஜம். நான் உன் காரியத்தைக் கெடுத்துவிட்டேன். ஆனால் வெட்டியதற்கு வருத்தப்படுகிறேன் என்று எழுத வரவில்லை. உன்னிடம் நடிக்க எனக்குத் தெரியாது.

உன்னைப் பெற்றவள்

நவம்பர் 6

அம்மாவுக்கு,

பதில் போட இத்தனை நாளாகிவிட்டது. போட வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை சான்றிதழை விரித்து வைத்து, இடது கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்பக்கம் பல்லில்லாத கிளார்க் ஐயா படியேறி ஓடிவந்தார். "உங்கம்மா ஒத்துக்கிட்டாங்களாம், போட்டுடாதீங்க" என்றார். மூச்சு வாங்கியதில் எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காகிதத்தை மடித்து அவரிடம் கொடுத்தேன். இன்னும் சிறிது நேரம் கழித்து வந்திருந்தால் போட்டிருப்பேன். நீ அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ கோர்ட்டில் சொன்னதை வைத்து வக்கீலம்மா மனுக் கொடுத்தாள். தள்ளிவைத்த விசாரணை போன வாரம் நடந்தது. நீதிபதி பாலத்தின் மேல் கடைசி வரை நடந்தார். பாறை முன்னால் நின்று, "இதுக்கு மேல எங்க போறது?" என்று கேட்டார். பெரிய அதிகாரிகள் எல்லாரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். நான் பார்த்ததைச் சொன்னேன். லாரி டிரைவர், அண்ணன், கிளார்க் ஐயாவின் பல், என் விரல், எல்லாம். சைக்கிள் பழகிய பிள்ளைகளில் ஒருத்தியும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்து டிப்பரைப் பற்றிச் சொன்னாள். காண்ட்ராக்டரின் வக்கீல் எழுந்து, "சின்னவர் கையை வெட்டினது உங்க அம்மாதானே?" என்றார். "ஆமா. அவங்க ஒத்துக்கிட்டு ஜெயில்ல இருக்காங்க. என் கையை உடைச்சவர் எங்க இருக்கார்னு நீங்க சொல்லுங்க" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

டிப்பர் ஓட்டியவனைப் பிடித்துவிட்டார்கள். சின்னவரை ஆஸ்பத்திரியிலிருந்தே கூட்டிப்போனார்கள். பெரியவர் மேல் ஒன்றும் நிற்கவில்லை. வேறு ஜில்லாவில், பஸ் போகாத ஊருக்குப் பஸ் நிலையம் கட்டுகிறாராம். இரண்டாவது பாலத்தை ரத்து செய்யவில்லை, ஒத்திவைத்திருக்கிறார்கள். முட்டுப் பாலத்தின் வாயில் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்புகிறோம். நானே நின்று கட்டவைக்கிறேன். இந்த ஊரில் நான் கட்டுகிற முதல் வேலை ஒரு சுவர். அண்ணன் மனைவி தினமும் வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகிறாள்.

உனக்கு ஏழு வருஷம் என்று வக்கீலம்மா சொன்னாள். நான் கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

எனக்கு இரண்டு விரல் மடங்காது. மூன்றாவது ஓரளவு மடங்குகிறது.

கோபம் போகவில்லை அம்மா. உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருக்கிறது, தோளைப் பிடித்து உலுக்கி ஏன் என்று கேட்க வேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டுக்கும் அங்கே கம்பி குறுக்கே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுகிறார்களாம். வருகிறேன். என்னால் பேச முடியாது என்று நினைக்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பேன். நீ ஏதாவது சொல்லிக்கொண்டிரு.

மகள்